35-ஐக் கழற்றி 65-ஐப் பொருத்தும் முன்

போன வாரம் ஓர் இளைஞர் பட்டறைக்கு வந்து காரின் டிக்கியைத் திறந்து காட்டினார். உள்ளே புத்தம் புது 65 ஏ.எச். பேட்டரி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. (ஏ.எச். என்பது ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு.) வண்டியோ 35 ஏ.எச். போதுமான சின்ன பெட்ரோல் கார். "காலையில் செல்ஃப் எடுக்க மாட்டேன் என்கிறது அண்ணே, அதனால் பெரிதாகவே வாங்கிவிட்டேன்" என்றார். தொழிலுக்கு வந்த புதிதில் இதே ஞானம் எனக்கும் இருந்தது.

எந்த ஒயரை முதலில் கழற்றுவது, மோதிரம் போட்டுக்கொண்டு ஸ்பானர் பிடிக்கலாமா என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் பேட்டரியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பழையது ஏன் செத்தது என்று பார்க்காமல் புதியதை வாங்குவது

பள்ளி ஆசிரியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரை எடுப்பார். இரண்டு வருடம்கூட ஆகாத 35 ஏ.எச். பேட்டரி வாராவாரம் இறங்கிப்போனது. "வண்டி சும்மாவே நிற்கிறது சார், கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிடலாம்" என்று யோசனை சொன்னவன் நான்தான். 55 ஏ.எச். பொருத்தினேன். இரண்டு ஞாயிறு சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. மூன்றாவது ஞாயிறு குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் புறப்பட்டு நின்றவருக்கு 'டக்' என்ற ரிலே சத்தம் மட்டும்தான் கேட்டது. பேட்டரியை இறக்கி சார்ஜ் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதமும் அதே கதை. அதற்குப் பிறகுதான் மல்டிமீட்டரை எடுக்கத் தோன்றியது. முதல் நாளே எடுத்திருக்க வேண்டும். இன்று நினைத்தாலும் என்மீதே எரிச்சல் வருகிறது.

பூட்டி நிற்கும் வண்டியில் 0.18 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. 0.05-க்குள் இருந்தால் கவலையில்லை. 0.18 பார்வைக்கு அற்பம்தான். ஒரு நாளைக்கு 4.3 ஏ.எச்., ஒரு வாரத்துக்கு 30 என்று கணக்குப் போட்டால் வயிறு கலங்கும். 35-இல் 30 போனால் செல்ஃப் சுற்றாது. 55-இல் 30 போனால் முக்கி முனகிச் சுற்றும். ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேர ஓட்டத்தில் அந்த 30-ஐ, என்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவால் திருப்பி நிரப்ப முடியாது. இப்படி அரைகுறை சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகளின்மேல் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது. ஆசிரியரின் பேட்டரி ஒரு வருடத்துக்குள் அப்படித்தான் போனது. இறங்கவிட்டுக் கெடுத்தது தயாரிப்புக் குறை ஆகாது என்று வாரண்டியும் கைவிரித்தது. அதற்குப் பின் அவர் என் பட்டறைப் பக்கம் வரவில்லை.

திருடன் யார் தெரியுமா? ஸ்டீரியோ. அதன் மஞ்சள் ஒயருக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும்; சிவப்பு ஒயருக்குச் சாவி திருப்பினால் மட்டும் வர வேண்டும். பொருத்திய புண்ணியவான் இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார். சாவியை எடுத்துக்கொண்டு போன பிறகும் ஸ்டீரியோ விழித்தே இருந்தது.

அளப்பது கடினமல்ல. மைனஸ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து இணையுங்கள். கதவைத் திறந்துவைத்து வேலை செய்வதானால் அதன் பூட்டு நாக்கை ஸ்குரூ டிரைவரால் தள்ளி, கதவு மூடியதாக வண்டியை நம்பவையுங்கள். அரைமணி நேரம் பொறுங்கள். நவீன வண்டிகள் உடனே தூங்குவதில்லை. அதன் பிறகும் எண் இறங்காவிட்டால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சரிகிறதோ அந்தப் பக்கம்தான் கசிவு. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது மட்டும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள். மீட்டருக்குள் இருக்கும் பியூஸ் போய்விடும். நான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன்.

தட்டில் உட்காராததை உட்கார வைப்பது

பேட்டரியின்மேல் போட்டிருக்கும் 38பி20 என்ற எண்ணில் 20 என்பது செ.மீ. கணக்கில் நீளம். 55பி24 என்றால் 24. தட்டும் கிளாம்பும் அதற்கேற்ப இருந்தாக வேண்டும். கிளாம்ப் எட்டவில்லை என்று சைக்கிள் டியூப்பால் கட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அந்தக் கனத்தை டியூப் தாங்காது. ஒரு வண்டியில் பானெட்டின் உட்புறம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கருகி, நடுவே ஊசித் துளை விழுந்திருந்தது. உயரமான பேட்டரி துள்ளி, பிளஸ் டெர்மினல் பானெட்டில் முட்டியிருக்கிறது. தீப்பிடிக்காதது அவர் அதிர்ஷ்டம்.

எல், ஆர் எழுத்தைப் பார்க்காமல் வாங்குவது

அந்த எண்ணின் கடைசியில் வரும் இந்த எழுத்துதான் டெர்மினல் எந்தப் பக்கம் என்று சொல்லும். தவறாக வாங்கினால் பக்கம் மாறிவிடும், ஒயர் எட்டாது. இழுத்து எட்ட வைக்காதீர்கள்.

ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்குச் சாதாரண பேட்டரி

சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்பும் வண்டிக்கா? வேண்டாம்.

சி.சி.ஏ. எண்ணைத் துரத்துவது

அது மைனஸ் 18 டிகிரி குளிரில் செல்ஃப் சுற்றும் திறனைச் சொல்லும் எண். நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது வெயில். அந்த எண்ணைவிடத் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். கடை அலமாரியில் எட்டு மாதம் கிடந்ததைப் புதிது என்று தலையில் கட்டுவார்கள்.

டைனமோவை மறப்பது

பெரிய பேட்டரி போட்டால் டைனமோ எரிந்துவிடும் என்பது பெரும்பாலும் வீண் பயம். ஆனால் இருக்கும் டைனமோ வேலை செய்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அந்த இளைஞரின் வண்டியில் கசிவு 0.03-தான். என்ஜினை ஓடவிட்டோம்: 12.6. ஹெட்லைட் போட்டதும் 12.2. டைனமோவைக் கழற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்து நகக்கண் அளவுக்கு ஆகியிருந்தது. பிரஷை மாற்றி, பழைய 35-ஐயே சார்ஜ் போட்டுப் பொருத்தினேன். உறை பிரிக்காத 65-ஐக் கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.