பேசாத மாஸ்க் நாடகம்: நாங்க சொதப்பின இடத்துல நீங்களும் சொதப்பாதீங்க

போன மே லீவுல ஒரு ஸ்கூல் ஹால்ல எங்க ஷோ. தாத்தா மாஸ்க் போட்டவர் பெஞ்சுல வந்து உக்காந்து, பக்கத்துல காலியா இருக்கற இடத்த துண்டால தட்டி துடைக்கிறார், யாரோ வந்து உக்காரப் போற மாதிரி. அவ்ளோதான் சீன். பாட்டி இல்லன்னு யாரும் சொல்லல, சொல்லவும் வேணாம், முன்னாடி வரிசை வாண்டுங்க கூட அப்படியே அடங்கிப்போய் பாத்துட்டு இருந்துச்சுங்க. சரியா அந்த நேரம் பாத்து, மைக் கையில வச்சிருந்த ஒருத்தங்க "குட்டீஸ், தாத்தா பாட்டிய நெனச்சு ஃபீல் பண்றாரு!"ன்னு அறிவிச்சாங்க பாருங்க. போச்சு, எல்லாம் போச்சு.

அன்னிக்கு செம கோவம். ஆனா யோசிச்சு பாத்தா அவங்கள மட்டும் சொல்லி என்ன ஆகப்போகுது, மேடையில யாரும் பேசலன்னா எல்லாருக்குமே கை நடுங்குது, எதையாவது போட்டு ரொப்பணும்னு தோணுது. நாங்களே மொத ரெண்டு வருஷம் அதத்தான் பண்ணிட்டு இருந்தோம், மைக்குக்கு பதிலா வேற வேற ரூபத்துல. கீழ சொல்லப்போற தப்புல பாதிக்கு மேல இந்த ஒரு பயத்துலேர்ந்து வர்றதுதான்.

மொதல்ல மாஸ்க். பேசாத நாடகத்துக்கு வேண்டியது முழு முகத்தையும் மூடுற மாஸ்க், வாயும் சேத்து மூடியிருக்கணும். மூக்கு வரைக்கும் மட்டும் வர்ற அரை மாஸ்க் பேசறதுக்குன்னே உள்ளது, இத்தாலியில காமெடியா டெல்லார்த்தேன்னு ஒரு பழைய காமெடி நாடகம், அதுல போட்டுக்கிட்டு வாய் ஓயாம பேசுவாங்களே அது. அத வாங்கிட்டு வந்து "பேசாம நடி"ன்னா, வாய் வெளிய தெரியுது, நடிக்கிறவங்க உதட்ட அசைச்சுட்டே இருப்பாங்க, பாக்கறவங்களுக்கு டிவில சவுண்ட் மியூட் ஆன மாதிரி இருக்கும்.

அடுத்தது எல்லாரும் பண்றது. குழந்தைங்க ஷோ தானேன்னு ஈன்னு பல்லக்காட்டி சிரிக்கிற முகமா செஞ்சுடறது. நாங்களும் செஞ்சோம். பத்து நிமிஷம் கழிச்சு அந்த கேரக்டரோட நாய்க்குட்டி காணாமப் போகுது, இவர் தேடறாரு, அழறாரு, மூஞ்சி மட்டும் ஈன்னு இருக்கு. பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க, நாங்க எதிர்பாத்த இடத்துல இல்ல. மாஸ்க்ல ஒரு முடிவான உணர்ச்சி இருக்கவே கூடாது, சிரிக்குதா யோசிக்குதான்னு பாக்கறவங்களுக்கு ஒரு சின்ன சந்தேகம் இருக்கணும், ஒரு பக்க புருவம் லேசா தூக்கி, ஒரு பக்க வாய் லேசா இறங்கி. அப்பதான் தலைய சாய்க்கும்போது முகமே மாறுற மாதிரி தெரியும். ஜப்பான்ல நோ (Noh)ங்கற பழைய மாஸ்க் நாடகத்துல இதுக்கு பேரே வச்சிருக்காங்க, மாஸ்க்க லேசா மேல தூக்கினா வெளிச்சம் பட்டு மலர்ந்த மாதிரி ஆகும், அது தெராசு, கீழ சாய்ச்சா நிழல் விழுந்து வாடும், அது குமோராசு. அவங்க நாடகத்துல பேச்சும் பாட்டும் உண்டுதான், ஆனா இந்த ஒரு வித்தைய கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு வாரம் பழகினா போதும், பாதி நடிப்பு அதுலயே வந்துரும்.

பாரிஸ்ல 1956ல நாடக ஸ்கூல் ஆரம்பிச்ச ழாக் லெகாக், சுவிட்சர்லாந்து பாஸல் ஊரு கார்னிவல்ல போடுற பெரிய வெள்ளை முகங்கள பாத்துட்டு அத ட்ரெயினிங்குக்கு எடுத்துட்டு வந்தார். அந்த ஊர்ல மாஸ்க்குக்கே லார்வன்னு தான் பேரு. பாதி செதுக்கி விட்ட மாதிரி இருக்கும், ஒரு பெரிய மூக்கு, ரெண்டு ஓட்டை, மனுஷ முகமா இன்னும் முழுசா ஆகாத ஒண்ணு. குழந்தைங்க ஷோவுக்கு புதுசா ஆரம்பிக்கறவங்க இந்த மாதிரிலேர்ந்து ஆரம்பிக்கறது நல்லதுன்னு நான் சொல்வேன், செய்யறதும் ஈஸி, முகத்துல கம்மியா இருந்தா பசங்க மீதிய அவங்களே போட்டுக்குவாங்க.

செய்யறதப் பத்தி ஒரு முக்கியமான விஷயம். களிமண்ணுல முகம் புடிச்சு, மேல பிளாஸ்டிக் பேப்பர் சுத்தி, நியூஸ்பேப்பர் கிழிச்சு மைதா பசையில முக்கி ஏழெட்டு லேயர் ஒட்டுவோம். பூச்சி வராம இருக்க போஸ்டர் ஒட்டறவங்க பசையில மயில்துத்தம் போடுவாங்க, எங்க ஆளு ஒருத்தர் அதே பழக்கத்துல போட்டுட்டார். தயவுசெஞ்சு போடாதீங்க, அது விஷம், மாஸ்க் உள்பக்கம் வேர்வையோட கன்னத்துலயும் உதட்டுலயும் படும். பசைய அன்னன்னிக்கு காய்ச்சுங்க, வெயில்ல நல்லா மொறுமொறுன்னு காயவிடுங்க, கடைசி லேயருக்கு ஃபெவிகால், அது போதும். உள்ள நெத்திக்கும் ரெண்டு கன்னத்துக்கும் ஸ்பாஞ்ச் துண்டு ஒட்டுங்க, இல்லன்னா மாஸ்க் மூக்குமேல உக்காந்து மூச்சு முட்டும். எலாஸ்டிக் ஒரு இன்ச் அகலம். மெல்லிசா போட்டோம்னா நடுவுல வழுக்கும், நடிக்கிறவர் கை தானா மூஞ்சிக்கு போகும், அந்த ஒரு செகண்ட்ல தாத்தா செத்துட்டார், மாஸ்க் மாட்டின ஒரு அண்ணா தான் மேடையில நிக்கறார். மாஸ்க்க தொடாதீங்கன்னு எல்லா வாத்தியாரும் சொல்றது இதுக்குத்தான். பெயின்ட் மட்டும் பளபளன்னு வேணாம், லைட் பட்டா நெத்தி பல்பு மாதிரி எரியும். லைட்டும் தலைக்கு நேர் மேல இருந்து அடிச்சா கண்ணு ரெண்டும் குழியாகி எந்த முகமா இருந்தாலும் பேயாயிடும், முன்னாடியிலேர்ந்து கொஞ்சம் தாழ்வா வரணும்.

இப்ப நடிப்பு. இங்கதான் பெரிய தப்பு நடக்குது. பேசக்கூடாதுன்னு சொன்ன உடனே எல்லாரும் டம்ப் சரட்ஸ் ஆட ஆரம்பிச்சிடறாங்க. "எனக்கு பசிக்குது, வீட்டுக்கு போய் சாப்டலாமா"ங்கற வசனத்த வயித்த தடவி, கூரைய காட்டி, அஞ்சு விரல வாய்க்கு கொண்டு போய் ஒவ்வொரு வார்த்தையா கையால மொழிபெயர்க்கறது. பசங்களும் படம் பேர் கண்டுபிடிக்கிற மாதிரி "பசி! வீடு! தோசை!"ன்னு கத்துவாங்க, நாம ஆஹா இன்ட்ராக்டிவா போகுதுன்னு நெனச்சுக்குவோம். இல்லீங்க, அது புதிர்ப்போட்டி. சீன்ல பேசியே ஆகணும்னா அந்த சீனே தப்பு, தூக்கிடுங்க. பேச வேண்டிய அவசியமே இல்லாத நேரங்கள் எவ்ளோ இருக்கு, பஸ்சுக்கு நிக்கறது, தெரியாதவங்க பக்கத்துல உக்காந்து டிபன் பாக்ஸ் தொறக்கறது, சண்டை போட்டுட்டு ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கறது.

டிபன் பாக்ஸையே எடுத்துக்குவோம், நாங்க ரிகர்சல்ல இதத்தான் திரும்ப திரும்ப பண்ணுவோம். கை மூடி மேல. நிறுத்து. தலை மட்டும் திரும்பி ஆடியன்ஸ பாக்குது. திரும்ப பாக்ஸ். மூடி தொறக்குது. உள்ள பாக்குது. நிறுத்து. மறுபடி ஆடியன்ஸ். இப்ப தோள் ரெண்டும் அரை இன்ச் இறங்குது. உள்ள உப்புமான்னு ஹால்ல இருக்கற அத்தனை பேருக்கும் புரிஞ்சிடும், நம்புங்க, சிரிப்பு வரும். ஒரு நேரத்துல ஒரே ஒரு அசைவு, அது முடிஞ்சப்புறம் அடுத்தது. ஆடியன்ஸ் பக்கம் அந்த முகம் திரும்பலன்னா அவங்களுக்கு எதுவுமே கிடைக்காது, ஏன்னா பக்கவாட்டுல பாத்தா மாஸ்க் வெறும் ஓடு, காதுக்கு பின்னாடி எலாஸ்டிக் வேற தெரியும். மேடையில நாலு பேர் இருந்தா மூணு பேர் அசையாம அந்த ஒருத்தர பாக்கணும். புதுசா வர்றவங்களுக்கு இதுதான் ரொம்ப கஷ்டம், சும்மா நின்னா நடிக்கலன்னு நெனச்சுக்கறாங்க.

மியூசிக்கும் இதே கதை. எங்க கீபோர்டு தம்பி நல்லா வாசிப்பான், அதுதான் பிரச்சனையே. தோள் இறங்கறதுக்கு முன்னாடியே சோக ட்யூன் வந்துரும், பசங்க முகத்த பாக்கறத விட்டுட்டு ட்யூன் சொல்றத கேட்டுக்குவாங்க. சுவிட்சர்லாந்துல 1972ல மூணு பேர் ஆரம்பிச்ச மம்மன்ஷான்ஸ் குழு மியூசிக்கே இல்லாம ஷோ போட்டாங்க, முகத்துல கண்ணு மூக்கு இருக்கற இடத்துல டாய்லெட் பேப்பர் ரோல், அழுகைன்னா கண்ணுலேர்ந்து பேப்பர் உருண்டு வரும், அவ்ளோதான். அத வச்சுக்கிட்டு 1977லேர்ந்து 1980 வரைக்கும் நியூயார்க் பிராட்வேல ஓட்டினாங்க. எல்லாரும் அப்படியே பண்ணணும்னு இல்ல, ஃபமீலியே ஃப்ளோட்ஸ்னு பெர்லின்ல ஒரு குழு மியூசிக்க அழகா யூஸ் பண்றாங்க. அவங்க ஷோ ஒண்ணுல மூணே நடிகர்கள் 29 கேரக்டர் பண்றாங்க, முடிஞ்சு கும்பிட வரும்போது மூணு பேர்தான் நிப்பாங்க. நாம அதப் பாத்துட்டு மொத ஷோவுலயே ஆளுக்கு ஆறு மாஸ்க்னு ஆரம்பிக்க வேணாம், சைடுல இருட்டுல மாஸ்க் மாத்தறதுக்கு தனி ரிகர்சல் வேணும்.

நேரம். ஜார்க்கண்ட்ல சராய்கேலா ஊரோட சாவ் (Chhau) ஆட்டத்துல முழு மாஸ்க் போட்டுத்தான் ஆடுவாங்க, மூச்சு விட கஷ்டம்ங்கறதால ஒவ்வொரு ஆட்டமும் சில நிமிஷத்துல முடிஞ்சிடும். காலங்காலமா ஆடறவங்களே அப்படின்னா, மே மாசத்துல ஃபேன் ஓடாத ஹால்ல நம்மாளு எவ்ளோ தாங்குவார்? ஒருத்தர தொடர்ந்து பத்து நிமிஷத்துக்கு மேல மாஸ்க்ல வைக்காதீங்க, மொத்த ஷோவும் 40 நிமிஷம் போதும். கண் ஓட்டை வழியா காலடி தெரியாது, மேடை ஓரத்துல அகலமா வெள்ளை டேப் ஒட்டுங்க, சைடுல கைய புடிச்சு கூட்டிட்டு போக ஒரு ஆள் நிக்கணும். கண்ணாடி போடறவங்களுக்கு உள்ள இடம் இருக்கான்னு மாஸ்க் செய்யும்போதே பாத்துக்கோங்க, ஷோ அன்னிக்கு இல்ல.

அப்புறம் பயப்படற குழந்தை. மூணு வயசுக்குள்ள இருக்கறதுங்கள்ல பல பேருக்கு அசையாத முகம்னாலே ஆகாது, கிறிஸ்துமஸ் தாத்தாவ பாத்து வீல்னு கத்துமே அதே கதை. இத சேட்டைன்னு நெனச்சு "ஒண்ணும் பண்ணாது பாரு"ன்னு தூக்கிட்டு போய் மேடை ஓரத்துல நிறுத்தற அப்பாக்கள நான் பாத்திருக்கேன். வேணாம் சார். கடைசி வரிசையில, கதவு பக்கத்துல, மடியில வச்சுக்கோங்க, தூரம் இருந்தா தானா எட்டி பாக்கும். எங்க பக்கமும் தப்பு இருந்துச்சு, மாஸ்க்கோட ஆடியன்ஸ் நடுவுல இறங்கி நடந்து வர்றது ஜாலியா இருக்கும்னு செஞ்சோம், நாலு குழந்தை அலறிடுச்சு. இப்ப ஷோவுக்கு முன்னாடி வாசல்ல ஒரு சாதா மாஸ்க்க பசங்க கையில குடுத்து, உள்ள ஸ்பாஞ்ச தொட்டு பாக்க விட்டுடறோம். ஷோவுல வர்ற முகங்கள மட்டும் காட்ட மாட்டோம். அத பெட்டியில வச்சு துணி போட்டு மூடி வைக்கறது, தஞ்சாவூர் பக்கம் மெலட்டூர்ல பாகவத மேளாங்கற நாட்டிய நாடகத்துல நரசிம்மர் முகத்துக்கு பூஜையே பண்ணுவாங்க, அந்தளவுக்கு இல்லன்னாலும் சேர்மேல தூக்கிப் போடறது, செல்ஃபிக்கு மாட்டிக்கறது எல்லாம் கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு ரூல்.

பெத்தவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. காதுல கமென்ட்ரி குடுக்காதீங்க. "அங்க பாரு, தாத்தா அழறார் பாரு"ன்னு நீங்க சொன்ன உடனே குழந்தை உங்க மூஞ்சிய பாக்கும், மேடைய இல்ல. குழந்தையா "ஏன்மா அப்படி பண்றார்?"னு கேட்டா, "நீ என்ன நெனக்கிற?"ன்னு திருப்பி கேளுங்க. முடிஞ்சப்புறம் கதை சொல்லுன்னு பரீட்சை வைக்காதீங்க. அந்த துண்டால துடைக்கிற சீன பாத்துட்டு ஒரு அஞ்சு வயசு பையன் எங்ககிட்ட வந்து, அந்த தாத்தா பஸ்ல சீட்டு போட்டு வைக்கறார்னு சொன்னான். எங்க டைரக்டர் திருத்த வாய தொறந்தார், நான் கால மிதிச்சுட்டேன்.

இந்த வருஷமும் அதே ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க. போறோம். ஹாலுக்கு போன உடனே மொத வேலையா மைக் வயர கழட்டி எங்க மாஸ்க் பெட்டியில வச்சு பூட்டிடறதா இருக்கேன்.