சோப்பில் பூக்கும் சாம்பல்: தடுப்பதும் வரவழைப்பதும்

கையால் செய்த சோப்பை அச்சில் ஊற்றிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ பார்த்தால், மேலே விபூதி பூசியது போல ஒரு வெள்ளைப் படலம் இருக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, பூஞ்சை பிடித்துவிட்டதா?" என்றுதான். பயப்பட ஒன்றும் இல்லை. அது சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட். துணி துவைக்க வாங்கும் சலவைச் சோடா இதே பொருள்தான். வெள்ளாவி வைக்கப் பயன்பட்ட உவர்மண்ணில் அழுக்கை எடுத்ததும் இதுதான். முதல் இரண்டு குளியலிலேயே கரைந்து போய்விடும். சோப்பின் தரத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

நான் குன்னூரில் சோப்பு செய்கிறேன். இந்த மலைக்குளிரில் ஏதும் செய்யாமல் விட்டால் சாம்பல் பூத்தே தீரும். அதனால் அதைத் தடுக்கவும் வேண்டும்போது வரவழைக்கவும் பழகிக்கொண்டேன். வரவழைப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. ஆனால் காரணம் தெரியாமல் இரண்டும் கைகூடாது.

எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் கலந்த உடனே முழுச் சோப்பாக மாறிவிடுவதில்லை. அச்சில் ஊற்றும் நேரத்தில் காஸ்டிக்கின் ஒரு பங்கு இன்னும் எண்ணெயோடு சேராமல் நீரில் கரைந்தபடியே இருக்கும். நீர் ஆவியாவதற்காக மேலே ஏறும்போது அந்தக் காஸ்டிக்கையும் கூட்டிக்கொண்டு வருகிறது. மேற்பரப்பில் காத்திருக்கும் காற்றில் கரியமில வாயு இருக்கிறது. காஸ்டிக்கும் அதுவும் சேர்ந்தால் சோடியம் கார்பனேட்டும் கொஞ்சம் நீரும் உண்டாகும். நீர் போய்விடும், வெள்ளை தங்கிவிடும். காஸ்டிக் டப்பாவைச் சரியாக மூடாமல் வைத்தாலும் இதே வினை உள்ளே நடக்கும், செதில்கள் கட்டிதட்டி வலுக் குறைந்துபோகும். டப்பாவை இறுக மூடி வையுங்கள்.

(கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா ஆஷ் ஆக்குவது ஆலைகளிலும் நடக்கிறது. தூத்துக்குடியில் ஓர் ஆலை 2016-இல் தன் கொதிகலன் புகையிலிருந்தே அந்த வாயுவைப் பிரித்தெடுத்துச் சோடா ஆஷ் தயாரிக்கத் தொடங்கியது. அங்கே வழிமுறை வேறு, வாயு ஒன்றுதான்.)

ஆகவே சாம்பலுக்கு மூன்று பேர் கூட வேண்டும்: சேராத காஸ்டிக், அதைச் சுமந்துவரும் நீர், திறந்த காற்று. ஒருவரைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

நீரிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அது தராசிலேயே முடிகிற காரியம். நான் அடிக்கடி செய்யும் கலவை இது: தேங்காய் எண்ணெய் 400 கிராம், பாமாயில் 300, தவிட்டெண்ணெய் 200, விளக்கெண்ணெய் 100. எண்ணெயில் 5 சதவீதம் சோப்பாகாமல் மிஞ்சும்படி கணக்கிட்டால் காஸ்டிக் சோடா 147 கிராம். சோப்புக் கணக்கிகள் பல, நீங்கள் மாற்றாதவரை, எண்ணெய் எடையில் 38 சதவீதம், அதாவது 380 கிராம் நீர் என்று காட்டும். சாம்பல் வேண்டாம் என்றால் அதைக் கேட்காதீர்கள். காஸ்டிக்கைப் போல இரண்டு மடங்கு, 294 கிராம் நீர் போதும். சோப்பு சீக்கிரம் இறுகும், காஸ்டிக் மேலே ஏறவும் வழி குறையும். அதற்கும் கீழே நீரைக் குறைத்தால் கலவை கையை மீறி இறுகிவிடக்கூடும். வாசனைத் தைலம் சேர்க்கும்போது இன்னும் வேகமாகும் என்பதால் பழகும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காஸ்டிக்கை நீரில்தான் போட வேண்டும். நீரைக் காஸ்டிக்கில் ஊற்றக் கூடாது. பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியத்தைக் காஸ்டிக் அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

அடுத்தது சூடு. எங்கள் ஊர்க்காரர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். டிசம்பர் மாதக் குன்னூரில் புட்டியிலிருந்து அதைக் கரண்டியால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். அரைகுறையாக உருக்கிய எண்ணெயில் ஆறிப்போன காஸ்டிக் கரைசலை ஊற்றி ஹேண்ட் பிளெண்டரை ஓட்டினால், கொஞ்ச நேரத்திலேயே கெட்டியாகிவிடும். பதம் வந்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் எண்ணெய் உறைவதால் வந்த கெட்டி அது. சோப்பு ஆனதால் வந்தது அல்ல. காஸ்டிக் கிட்டத்தட்ட அப்படியே உள்ளே இருக்கும். அந்தத் தட்டில் மறுநாள் சாம்பல் அப்பிக் கிடக்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. பாத்திரத்தை வெந்நீரில் லேசாக வைத்துக் கிளறுங்கள். தளர்ந்து மறுபடி ஓடினால் அது பொய்ப் பதம். உண்மையான பதம் சூட்டில் இளகாது, இன்னும்தான் கெட்டிப்படும். எண்ணெயை முழுவதும் உருக்கி, எண்ணெய், கரைசல் இரண்டும் 45 டிகிரி அளவில் இருக்கும்போது கலந்தால் இந்தக் குழப்பமே வராது. பிளெண்டரைத் தூக்கிச் சொட்டவிட்டால், விழுந்த கோடு மேலே அப்படியே நிற்க வேண்டும். அந்தப் பதத்தில் ஊற்றுங்கள். மெல்லிய பதத்தில் ஊற்றினால் சேராத காஸ்டிக் அதிகம், சாம்பலும் அதிகம்.

ஊற்றிய பிறகும் சூடு முக்கியம். வினை நடக்கும்போது சோப்பு தானாகவே சூடாகும். அந்தச் சூட்டை வெளியே விடாமல் காத்தால் உள்ளே 70 டிகிரிக்கு மேல் போய், நடுவிலிருந்து ஓரம்வரை கண்ணாடிபோலத் தெளிந்து, பிறகு ஆறும். இந்தக் கட்டத்தைத் தாண்டிய சோப்பில் காஸ்டிக் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். மேட்டுப்பாளையத்துக் கோடையில் ஒரு பழைய துண்டைப் போர்த்தினாலே இது நடந்துவிடும். இங்கே துண்டு எந்த மூலைக்கு? மீன் கடைக்குப் பனிக்கட்டியோடு வரும் தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்து வைத்திருக்கிறேன். அச்சை உள்ளே வைத்து, பக்கத்தில் வெந்நீர் நிரப்பிய இரண்டு புட்டிகளையும் வைத்து மூடிவிடுவேன். ஓரத்தில் மட்டும் வெளிறி, நடுவில் அடர்நிறமாக வட்டம் தெரிந்தால் சூடு போதவில்லை என்று பொருள். மாறாக, பால், தேன், சர்க்கரை சேர்த்த சோப்புகளுக்கு இந்தப் பெட்டி வேண்டாம். அவை தாமாகவே கொதித்துப் பிளந்துவிடும்.

காற்றைத் தடுப்பது எளிது. ஊற்றிய கையோடு பிளாஸ்டிக் தாளைச் சோப்பின் மேல் படியும்படி போர்த்தலாம். மேல்புறத்தில் வேலைப்பாடு செய்திருந்தால் தாள் அதைக் கெடுக்கும். அப்போது 91 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லத் தெளித்துவிட்டு மூடியால் மூடுங்கள். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. கைகழுவும் சானிடைசர் இதற்கு உதவாது, அதில் நீர் அதிகம். எண்ணெய் எடையில் ஒரு சதவீதம் தேன்மெழுகு சேர்ப்பதும் பலன் தரும். ஆனால் அது உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆறினால் உடனே திரிந்துவிடும், அதனால் அவசரமாக வேலை செய்ய வேண்டியிருக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு இதையெல்லாம்விட நல்ல வழி, அச்சைத் திறக்காமல் இருப்பதுதான். மறுநாளே வெட்டினால் வெட்டிய முகத்திலும் பூக்கும். மூன்று நாள் விடுங்கள்.

மீறிப் பூத்துவிட்டால் எடுத்துவிடலாம். இட்லிப் பானையில் நீர் கொதிக்கும்போது சோப்பை இடுக்கியால் பிடித்து ஆவியில் அரை நிமிடம் காட்டினால் வெள்ளை கரைந்து மேல்புறம் மினுமினுக்கும். கறுப்புச் சோப்பில் காய்ந்தபின் லேசாகத் திரும்பி வருவதுண்டு. குளிர்ந்த நீரில் ஈரத்துணியால் தேய்த்துக் கழுவுவதும் சரியே. இரண்டு மூன்று வாரம் உலர்ந்த பிறகு செய்தால் சோப்பின் விளிம்பு மழுங்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை. சாம்பல் மேல்தோலோடு நிற்கும். கத்தியால் சீவிப் பாருங்கள்: உள்ளே நிறம் சீராக இருந்தால் நிம்மதி. உள்ளேயும் வெள்ளைத் திட்டுகள், பொடிந்து உதிரும் தன்மை, ஈரம் கசியும் குழிகள் இருந்தால் அது சாம்பல் அல்ல, காஸ்டிக் கூடிப்போன சோப்பு. அதை உடம்புக்குப் போடக் கூடாது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. கடையில் வாங்கும் சோப்பில் இல்லாத ஒன்றை இந்தச் சாம்பல் தருகிறது. கரித்தூள் சேர்த்த கறுப்புச் சோப்பின் மேல்புறத்தைக் கரண்டியின் முதுகால் அலையலையாக இழுத்துவிட்டு அதைப் பூக்கவிட்டுப் பாருங்கள். மேடுகளின் முகட்டில் வெள்ளை தடிப்பாகப் படியும், சரிவில் மெலியும், பள்ளத்தில் கறுப்பு அப்படியே நிற்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சில இடங்களில் படிகங்கள் சிறு சிறு ஓடுகளாக ஒன்றையொன்று ஒட்டி நிற்பது தெரியும். எந்த மைக்கா பொடியும் இந்த அழகைத் தராது. வண்ணம் பூசினால் பூசியதாகத் தெரியும். இது சோப்பிலிருந்தே வந்தது. அவுரி நீலத்திலும் மிக எடுப்பாக இருக்கும். வெளிர்நிறச் சோப்பில் மட்டும் முயற்சி வீண், அங்கே அழுக்குப் போலத்தான் தெரியும்.

வரவழைக்க மேலே சொன்னதையெல்லாம் தலைகீழாக்குங்கள். அதே கலவைக்கு 380 கிராம் நீர். அரைக் கிலோ எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டி கரித்தூள். எண்ணெயும் கரைசலும் 30 டிகிரி அளவில் இருக்கட்டும், ஆனால் தேங்காய் எண்ணெய் உறையும் அளவுக்குப் போகவிடாதீர்கள். அலை நிற்கும் அளவுக்குப் பதம் வந்ததும் ஊற்றி, இழுத்து, போர்த்தாமல் திறந்த ஜன்னல் பக்கம் வையுங்கள். தெர்மோகோல் பெட்டி வேண்டாம். எங்கள் ஊர்க் குளிர்காலத்தில் மறுநாளே பலன் தெரியும். சமவெளியில் இருப்பவர்கள் சிறிய, ஆழமற்ற அச்சில் ஊற்றினால் சூடு சேராது.

முத்திரை பதிக்கும் சோப்புக்கு இன்னொரு வழி உண்டு. இரண்டாம் நாள், நகம் பதியும் அளவுக்கு இளக்கமாக இருக்கும்போதே வெட்டி முத்திரையை அழுத்துங்கள். திறந்தே விட்டால் முகம் முழுக்கப் பூக்கும். இரண்டு வாரம் உலர்ந்த பின், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியை ஒரு தட்டைக் கட்டையில் சுற்றி, முகத்தின் மேல் ஒரே திசையில் இழுங்கள். சமதளத்து வெள்ளை போய்விடும். முத்திரையின் பள்ளத்தில் இருப்பது அப்படியே தங்கி, இலையின் நரம்பும் எழுத்தின் வளைவும் வெள்ளைக் கோடாக எழுந்து நிற்கும். துணியை ஒவ்வொரு சோப்புக்கும் அலசிப் பிழிய வேண்டும், இல்லையென்றால் கரைந்த சாம்பலையே மறுபடி பூசுவதாகிவிடும்.

இப்படிச் செய்த சோப்புகளையும் மற்றவற்றைப் போலவே நான்கு முதல் ஆறு வாரம் உலரவிட வேண்டும். பிறகு பிளாஸ்டிக் உறையில் அடைக்காதீர்கள். உள்ளே ஈரம் கோத்தால் சாம்பல் கரைந்து வழியும். காகிதப் பெட்டியில், முகம் எங்கும் உரசாதபடி வைத்து, "மேலே உள்ள வெள்ளை சோடா ஆஷ், குளிக்கும்போது கரைந்துவிடும்" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.