ஒரே டிவில மேட்சும் நியூஸும்: பிஐபி போடுறது எப்படி

ராத்திரி ஏழரைக்கு ஐபிஎல் மேட்ச் ஸ்டார்ட் ஆகும், அதே நேரத்துக்கு அப்பாவுக்கு நியூஸ் வேணும். எங்க வீட்டு ரிமோட் சண்டை இப்படித்தான் தொடங்கும். இதுக்கு டிவிலயே வழி இருக்குங்க, பெரிய படத்து மேல ஓரமா ஒரு குட்டிப் படம், அதான் பிக்சர் இன் பிக்சர், சுருக்கமா பிஐபி.

ரிமோட்ட கையில எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இது தெரியாம நான் ஒரு ஞாயித்துக்கிழமை பூரா வீணாக்குனேன். ரெண்டு படமும் ரெண்டு தனி வழியா டிவிக்குள்ள வரணும். செட்டாப் பாக்ஸ் பொதுவா ஒரு நேரத்துல ஒரு சேனலத்தான் வெளிய அனுப்பும், அதனால ஒரே பாக்ஸ வச்சுக்கிட்டு ரெண்டு சேனல் கேட்டா எந்த பட்டன அமுக்கினாலும் வராது. பழைய டிவில பிஐபி ஆன் பண்ணா குட்டிப் பெட்டி கருப்பா நிக்குதுன்னு நிறைய பேர் டிவி ரிப்பேர்னு நினைச்சுக்குறாங்க, ரிப்பேர்லாம் இல்ல, அது ஆன்டெனா சாக்கெட்ல சேனல் தேடுது, நம்ம அங்க ஒண்ணுமே சொருகல, அவ்ளோதான்.

சரி, இப்ப செய்வோம். சாம்சங்ல ஒரே திரையில ரெண்டு படம் காட்டுற வசதிக்கு மல்டி வியூன்னு பேரு, அது இருக்குற மாடல வச்சு சொல்றேன், எல்லா மாடல்லயும் இது கிடையாது.

1. பாக்ஸ் எச்டிஎம்ஐல இருக்கட்டும், அதுல மேட்ச போடுங்க.

2. ரிமோட்ல மல்டி வியூ பட்டன் இருந்தா அமுக்குங்க, இல்லன்னா மெனுக்குள்ள அதே பேர்ல தேடுங்க.

3. ரெண்டாவது படத்துக்கு யூடியூப். தமிழ் நியூஸ் சேனல்லாம் அங்க லைவ் ஓடுதே, அப்பா பிரச்சனை அங்கயே தீந்துச்சு. நெட்பிளிக்ஸ் மாதிரி ஆப் இதுல சேராது. போன் திரைய அப்படியே டிவில காட்டலாம் (மிரர் பண்றதுன்னு சொல்வாங்க), ஆனா சில ஓடிடி ஆப்ல சத்தம் மட்டும் வந்து படம் கருப்பா இருக்கும், காப்பி அடிக்காம இருக்க அவங்க போட்ட பூட்டு அது.

4. குட்டிப் பெட்டிய மேல வலது மூலைக்கு நகர்த்துங்க. கீழ வச்சா ஸ்கோர் மறைஞ்சுடும், நான் முதல் நாள் அப்படித்தான் வச்சு எத்தன ரன் வேணும்னே தெரியாம உக்காந்திருந்தேன். ஆனா எங்க 43 இன்ச் டிவில குட்டிப் பெட்டிக்குள்ள ஓடுற நியூஸ் எழுத்து எறும்பு ஊர்ற மாதிரிதான் இருக்கும், அப்பா கண்ணாடி போட்டும் படிக்க முடியல, அப்புறம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வர்ற லேஅவுட்டுக்கு மாத்திட்டேன்.

5. சத்தம் எந்தப் படத்துக்குன்னு நீங்கதான் சொல்லணும், சவுண்ட் ஆப்ஷன்ல தேர்ந்தெடுங்க.

ஆண்ட்ராய்டு டிவிக்கு 2016ல வந்த 7.0 வெர்ஷன்லயே பிஐபி வந்துடுச்சு, ஆனா ஆப் செஞ்சவங்க அத சேர்த்திருந்தாத்தான் வேலை செய்யும். ஆப்பிள் டிவில இன்னும் சுலபம், பிஐபிய ஏத்துக்குற ஆப்ல வீடியோ ஓடும்போது கன்ட்ரோல வரவச்சா பிஐபி ஐகான் இருக்கும், அத தட்டுனா போதும்.

எங்க வீட்டுல இப்போதைக்கு சத்தம் நியூஸுக்கு, விக்கெட் விழுந்தா மட்டும் மேட்சுக்கு மாத்திக்குறோம்.