சோலார் போட்டும் மில் ஏன் நிற்கிறது?

கோவை, திருப்பூர் பக்கம் மில் கூரைகளில் சோலார் பெருகிவிட்டது. மின் கட்டணம் குறைகிறது, நல்லதுதான். ஆனால் இனி கரண்ட் போனாலும் கவலையில்லை என்று நம்பிப் பணம் போடுவது பெரிய தவறு. பேனல் தரும் மின்சாரத்தை மில்லுக்கு ஏற்றபடி மாற்றுவது இன்வர்ட்டர். கிரிட்டோடு, அதாவது ஈ.பி. லைனோடு, இணைந்த சாதாரண இன்வர்ட்டர், ஈ.பி. சப்ளை போனதும் தானும் நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும், இல்லையென்றால் சோலார் மின்சாரம் வெளியே பாய்ந்து, லைனில் வேலை பார்ப்பவரின் உயிருக்கு ஆபத்து. மேலே உச்சி வெயில் காயும், கீழே நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷினில் இழைகள் அறுந்து கிடக்கும்.

சரி, ஜெனரேட்டரை ஓட்டி அதோடு சோலாரைச் சேர்க்கலாமே? சேர்க்கலாம், கண்ட்ரோலர் இருந்தால். ஜெனரேட்டரை அதன் திறனில் 30 சதவீதத்துக்கும் கீழே நெடுநேரம் ஓட்டினால் டீசல் சரியாக எரியாமல் கரி படியும். சோலார் உற்பத்தி மில்லின் தேவையை (லோடை) தாண்டினால் மின்சாரம் ஜெனரேட்டருக்கே திரும்பப் பாயும். இப்படித் திரும்பிப் பாய்வதைத் தடுக்கும் ரிவர்ஸ் பவர் ரிலே டிரிப் ஆகி மில் மொத்தமும் இருட்டாகும். தேவைக்கேற்ப சோலாரைக் குறைக்கும் கண்ட்ரோலரைக் கொட்டேஷனிலேயே கேட்டு வாங்குங்கள்.

பலரும் கவனிக்காதது பவர் ஃபேக்டர், அதாவது எடுக்கும் மொத்த மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு. 1000 கிலோவாட் லோடு, பவர் ஃபேக்டர் 0.95 என்று வைத்துக்கொள்வோம். மோட்டார்களின் காந்தப்புலத்துக்காக வந்துபோகும், வேலை செய்யாத ரியாக்டிவ் பவர் சுமார் 330 கே.வி.ஏ.ஆர். (அதன் அலகு) வரும். சோலார் 700 கிலோவாட் தந்தால் ஈ.பி.யிலிருந்து 300 கிலோவாட்தான் எடுக்கிறோம். ரியாக்டிவ் பவர் 330 மட்டும் குறையாமல் ஈ.பி.யிலிருந்தே வருகிறது. மீட்டரில் அந்நேரப் பவர் ஃபேக்டர் 0.67! இது மாதச் சராசரியை இழுக்கும். தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்புக்குச் சராசரி 0.90-க்குக் கீழே போனால் அபராதம். பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் கெபாசிட்டர் பேனலுக்கு மின்னோட்டத்தை அளந்து சொல்லும் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) லோடு பக்கம் மட்டும் இருந்தால் அதற்கு இந்தச் சரிவு தெரியாது. அதை ஈ.பி. சப்ளை உள்ளே வரும் இன்கமர் பக்கம் மாற்றுங்கள், அல்லது இன்வர்ட்டரையே ரியாக்டிவ் பவர் தரும்படி செட் செய்யச் சொல்லுங்கள்.

பேட்டரியை மில் முழுவதுக்கும் கணக்குப் போட்டால் விலை கட்டுப்படியாகாது. ஜெனரேட்டர் லோடு எடுக்கும்வரை, நிற்கவே கூடாத மெஷின்களைத் தாங்கினால் போதும்.

அப்புறம், பராமரிப்பு. பஞ்சுத் தூசி சோலார் பேனலில் அப்பிக்கொள்ளும். உப்புத் தண்ணீரால் கழுவினால் வெள்ளைப் படலம் படியும். மதியச் சூட்டில் குளிர்ந்த நீரை அடிக்காமல் காலையிலேயே கழுவுங்கள், பேனல் மேல் யாரையும் ஏறி நடக்க விடாதீர்கள்.