பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்பது எப்படி

பிரிந்து அம்மா வீட்டுக்கு வந்தபோது மகளுக்கு ஆறு வயது. விவாகரத்து முடிந்தால்தான் பணம் கேட்கலாம் என்று நினைத்து எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன். அப்படியில்லை. இப்போது குடியிருக்கும் ஊரின் குடும்ப நீதிமன்றத்திலேயே ஜீவனாம்ச மனு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவுதான், 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (BNSS) 144. வக்கீலுக்குப் பணமில்லையா? பெண்களுக்கு, வருமானம் பார்க்காமல், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக அமர்த்தித் தரும்.

தொகை மனு போட்ட தேதியிலிருந்துதான் கணக்கு. என் எட்டு மாதம் போனது போனதுதான்.

இருவருமே வருமானம், சொத்து, கடனைப் பிரமாணப் பத்திரத்தில் காட்டவேண்டும் என்பது 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செலவைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். நான் ஒரு நோட்டில் பள்ளிக் கட்டணம், வேன் வாடகை, இருமல் மருந்து, கறுப்பு ஷூ வரை ரசீதுகளைத் தேதிவாரியாக ஒட்டியிருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் "இவ்வளவா?" என்றபோது பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

வழக்கு முடியும்வரை பணம் கிடைக்க, இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் சேர்த்தே போடுங்கள். பணம் நின்றால், பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட்டாகவேண்டும். ஆனால் பணம் வரவில்லை என்று பிள்ளையை அப்பாவிடம் காட்டாமல் இருக்காதீர்கள். அது வேறு, இது வேறு.