சமூக வலைத்தளங்களில் பாலின விவரத்தை யாருக்குக் காட்டுவது: ஒரு செயல்முறை வழிகாட்டி

இளம்பிள்ளைச் சேலையையும் சென்னிமலைப் போர்வையையும் வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப் வழியாக விற்கும் பெண்கள் இன்று சேலம், ஈரோடு, நாமக்கல், திருப்பூர் பக்கங்களில் ஏராளம். அவர்களுடைய கைபேசி எண் எத்தனையோ குழுக்களில் சுற்றுகிறது; அந்த எண்ணுக்கு உரியவர் ஒரு பெண் என்ற செய்தியும் எண்ணோடு சேர்ந்தே சுற்றுகிறது. விலை கேட்டு வரும் அழைப்புகளுக்கு நடுவே, எதையும் வாங்கும் நோக்கமில்லாத ஒருவர் இரவு பதினொரு மணிக்கு அனுப்பும் 'ஹாய்' அந்தச் செய்தியின் விளைவுதான். இப்படி ஒன்று வந்துவிட்டால், போனைப் பிடுங்கி வைப்பதையும் கணக்கை மூடச் சொல்வதையும் தீர்வென்று நினைக்கிற வீடுகள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. குற்றம் அனுப்பியவருடையது, தண்டனை மட்டும் பெற்றவருக்கு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தம்முடைய பாலினத்தை எந்த இடத்தில், யாருக்குத் தெரியப்படுத்துவது என்பதை அவரவரே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைச் செயல்படுத்தும் வழிமுறைகளையே இங்கே எழுதுகிறேன்.

இது பெண்களுக்கு மட்டும் உரிய தேவையன்று. நெருங்கிய இரண்டு மூன்று பேரிடம் மட்டுமே தம்மைப் பற்றிச் சொல்லியிருக்கும் திருநம்பிக்கும் திருநங்கைக்கும் இது வாழ்வாதாரப் பிரச்சினையாகவே ஆகலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. தம் பாலினத்தைத் தாமே அடையாளப்படுத்திக்கொள்ளும் உரிமையை அதே நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் ஏற்றுக்கொண்டிருந்தது. ஆகவே, இந்த விவரத்தை மறைக்க விரும்புகிறவர் யாருக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சமூக வலைத்தளங்கள் பாலினத்தைக் கேட்டதற்கு முதலில் இலக்கணமும் ஒரு காரணமாக இருந்தது. ஒருவரைப் பற்றிய செய்தியை அவருடைய நண்பர்களுக்குக் காட்டும்போது 'ஹீ', 'ஷீ' போன்ற ஆண்பால், பெண்பால் சுட்டுப்பெயர்களில் எதைப் போடுவது என்ற சிக்கல் எழுந்ததால், 2008இல் ஃபேஸ்புக் தன் பயனர்களைப் பாலினத்தைத் தெரிவு செய்யும்படி கேட்கத் தொடங்கியது. 2011 ஜூனில் வந்த கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம் அந்த விவரத்தை எல்லாருக்கும் தெரியும்படியே வைத்திருந்தது. எதிர்ப்பு வலுக்கவே, அடுத்த மாதமே அதை மறைத்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது. அந்த மாற்றத்தை அறிவித்தவர் அப்போது கூகுளில் பணியாற்றிய ஃபிரான்சிஸ் ஹாகன். பத்தாண்டுகளுக்குப் பின் ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களை வெளிக்கொணர்ந்தவரும் அவரே. கேட்பவர்கள் கேட்டதால்தான் இந்த வசதி வந்தது என்பதற்காகவே இந்த வரலாற்றைக் குறிப்பிடுகிறேன்.

ஃபேஸ்புக்கிலிருந்து தொடங்குவோம்

அதிகச் சிக்கல் இருப்பது இங்கேதான். உங்கள் புரொஃபைலுக்குள் சென்று, 'அபவுட்' பகுதியில் அடிப்படை விவரங்கள் உள்ள இடத்தைத் திறந்தால் பாலினம் என்ற வரி இருக்கும். அதன் அருகிலுள்ள சிறு குறியைத் தொட்டு, 'பப்ளிக்' என்று இருப்பதை 'ஃபிரண்ட்ஸ்' என்றோ 'ஒன்லி மீ' என்றோ மாற்ற வேண்டும். பெரும்பாலானோர் இத்துடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ணி வெளியே வந்துவிடுகிறார்கள். பாலினம் என்பது ஒன்று, சுட்டுப்பெயர் என்பது இன்னொன்று. பாலின வரியை மறைத்தாலும், ஃபேஸ்புக் உங்களைக் குறிக்கும் சுட்டுப்பெயர் எல்லாருக்கும் தெரியும்படியே இருக்கும். புகைப்படத்தை மாற்றியதும் 'தன் படத்தை மாற்றினார்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரும் அறிவிப்பில் 'ஹெர்' என்று இருந்தால், மறைத்த விவரம் அங்கேயே வெளியாகிவிடும். இதைத் தவிர்க்க, பாலினத் தெரிவில் 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, சுட்டுப்பெயராக ஆண், பெண் என்று காட்டாத 'தே' என்பதை வைத்துக்கொள்ளலாம். இந்த வசதி 2014 பிப்ரவரியில் அமெரிக்காவில் அறிமுகமாகிப் பின்னர் பிற நாடுகளுக்கும் வந்தது. 'கஸ்டம்' என்று போட்டால் உடனே திருநர் என்று எடுத்துக்கொள்வார்களே என்று சிலர் தயங்குகிறார்கள். அந்த வரியின் பார்வையாளராக 'ஒன்லி மீ' வைத்துவிட்டால், என்ன தெரிவு செய்தீர்கள் என்பது உங்கள் புரொஃபைலுக்கு வரும் எவருக்கும் தெரியாது.

அடுத்தது புரொஃபைல் லாக். இந்தியாவில் 2020 மே மாதம், குறிப்பாகப் பெண்களை முன்னிட்டு இது அறிமுகமானது. புரொஃபைலில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு இதை இயக்கிவிட்டால், நண்பர் அல்லாதவர்கள் உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவோ உங்கள் பதிவுகளைப் படிக்கவோ முடியாது. ஆயினும் பெயரும் சிறிய அளவிலான முகப்புப் படமும் தெரியத்தான் செய்யும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இத்துடன், 'டேக்' செய்யப்படும் பதிவுகள் உங்கள் பக்கத்தில் தோன்றுவதற்கு முன் உங்கள் ஒப்புதலைக் கேட்கும் அமைப்பையும் செட்டிங்ஸில் இயக்கி வையுங்கள். சித்தப்பா மகளின் வளைகாப்புப் படத்தில் உங்களை யாரோ சேர்த்துவிட்டால், நீங்கள் மறைத்தது அத்தனையும் அந்த ஒரே படத்தில் தெரிந்துவிடும்.

தொழில் செய்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. சொந்த புரொஃபைலில் விற்பனை செய்யாதீர்கள். ஃபேஸ்புக் பேஜ் என்பதற்குப் பாலினமே கிடையாது. அதை நடத்துபவர் யார் என்று அந்தப் பேஜ் வாடிக்கையாளருக்குத் தானாகக் காட்டுவதும் இல்லை. ஊர்ப் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ வைத்துக் கடை நடத்துவது நம் பக்கத்து வழக்கம்தான். பேஜுக்கும் அப்படியே வைக்கலாம். முகப்புப் படமாகத் துணியின் நெருக்கமான படமோ கடையின் சின்னமோ போதும். சேலையைத் தோளில் போட்டுக் காட்டும் படத்தில் முகத்தை வெட்டிவிட்டால் மட்டும் போதாது. பின்னணியில் வீட்டு வாசல், தெருப்பலகை, பள்ளிச் சீருடையில் குழந்தை ஆகியவை தெரிகின்றனவா என்றும் பாருங்கள்.

கூகுள், இன்ஸ்டாகிராம் முதலியன

கூகுள் கணக்கில் 'பர்சனல் இன்ஃபோ' பகுதியில் பாலினத்தைத் திறந்தால், ஆண், பெண், சொல்ல விரும்பவில்லை, கஸ்டம் ஆகிய தெரிவுகள் இருக்கும். அதன் கீழே யார் பார்க்கலாம் என்ற இடத்தில் 'ஒன்லி யூ' என்று இருக்கிறதா என்பதைச் சரிபார்க்க வேண்டும். கூகுள் மேப்ஸில் ஓட்டலுக்கோ மருத்துவமனைக்கோ எழுதும் கருத்துகளில் கணக்கின் பெயரும் படமும் வெளியே தெரியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யூடியூபில் கணக்குப் பெயருக்குத் தொடர்பில்லாத சேனல் பெயரை வைத்துக்கொள்ளலாம்.

இன்ஸ்டாகிராமில் பதிவு செய்யும் பாலினம் பொதுப் பக்கத்தில் காட்டப்படுவதில்லை. ஆனால் சுட்டுப்பெயர்களுக்கென ஒரு தனி இடம் உண்டு. அதை நிரப்பினால் பெயரின் அருகே தோன்றும். பின்தொடர்பவர்களுக்கு மட்டும் காட்டு என்ற தெரிவும் அங்கேயே இருக்கிறது. வேண்டாம் என்றால் வெறுமையாக விட்டுவிடலாம். லிங்க்டுஇன்னிலும் சுட்டுப்பெயர் விருப்பத்தின் பேரில்தான். வேலை தேடும் கோவை மாணவர்கள், அது எல்லாருக்கும் தெரிய வேண்டுமா, நேரடித் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் போதுமா என்பதை அங்கே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

எக்ஸ் தளம் பாலினத்தைப் பக்கத்தில் காட்டுவதில்லை. நீங்கள் சொல்லாவிட்டாலும் உங்கள் நடவடிக்கைகளைக் கொண்டு தானே ஊகித்து வைத்துக்கொள்கிறது. கணக்கு விவரங்களுக்குள் சென்றால் அந்த ஊகத்தைப் பார்க்கவும் மாற்றவும் முடியும். விளம்பரத்துக்காக நிறுவனங்கள் செய்துகொள்ளும் இத்தகைய ஊகமும், அக்கம்பக்கத்தார் கண்ணுக்குத் தெரியும் விவரமும் வேறு வேறு. பின்னதே நம்மில் பலருக்கு உடனடிக் கவலை என்பதால் அதற்கே இங்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கைபேசி எண் வழியாகக் கசிவது

வாட்ஸ்அப்பில் பாலினம் என்ற வரியே இல்லை. ஆனால் முகப்புப் படம், 'அபவுட்' வாசகம், ஸ்டேட்டஸ் மூன்றும் சேர்ந்து அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. செட்டிங்ஸில் 'பிரைவசி' பகுதிக்குச் சென்று, முகப்புப் படத்தை 'மை கான்டாக்ட்ஸ்' என்று வைத்தால், நீங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்கள் மட்டுமே பார்ப்பார்கள். உங்களைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பதையும் அங்கேயே கட்டுப்படுத்துங்கள்; குழுவில் சேர்ந்த நொடியே அதிலுள்ள அத்தனை பேருக்கும் உங்கள் எண் தெரிந்துவிடுகிறது.

சேலை, நைட்டி, போர்வை விற்பவர்கள் குழு நடத்துவதைக் காட்டிலும் வாட்ஸ்அப் சேனல் தொடங்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. 2023இல் வந்த இந்த வசதியில், சேனலை நடத்துபவரின் எண் பின்தொடர்பவர்களுக்குத் தெரிவதில்லை. பின்தொடர்பவர்களின் எண்ணும் ஒருவருக்கொருவர் தெரிவதில்லை. புதிய சரக்கின் படங்களைச் சேனலில் போட்டுவிட்டு, ஆர்டர் எடுப்பதற்கு மட்டும் தனி சிம் ஒன்றை வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், கடைப் பெயரிலும் கடைச் சின்னத்திலும் வைத்துக்கொள்ளலாம். இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்த எண்ணின் ஒலியை நிறுத்திவிட்டால், வீட்டு எண் வீட்டாருக்காக மட்டும் இருக்கும்.

பணம் பெறும் இடத்தில் இன்னொரு கசிவு இருக்கிறது. கூகுள் பே, போன்பே போன்றவற்றில் உங்கள் எண்ணை ஒருவர் உள்ளிட்டால், வங்கியில் பதிவான பெயர் அவருக்குத் தெரியும். பணம் தவறான ஆளுக்குப் போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. தொழிலுக்கு உத்யம் எனப்படும், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவைச் செய்து, கடைப் பெயரில் நடப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, வணிகர்களுக்கான கியூஆர் அட்டையை வாங்கிக்கொண்டால் பணம் அனுப்புபவருக்குக் கடைப் பெயரே காட்டப்படும். மேலும், கைபேசி எண்ணே, பணம் பெறும் முகவரியான யுபிஐ ஐடியின் முதல் பகுதியாக அமைந்துவிடும் செயலிகளில், எண் இல்லாத வேறு ஐடியை உருவாக்கி அதையே வாடிக்கையாளருக்குக் கொடுப்பது சரியானது. அழைப்பவரின் பெயரைக் காட்டும் செயலியான ட்ரூகாலரில், பிறர் தம் போனில் சேமித்து வைத்த பெயரில் நீங்கள் தோன்றக்கூடும். அதன் இணையதளத்தில் எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கக் கோரலாம். டெலிகிராமில் எண்ணை யார் பார்க்கலாம் என்பதை 'நோபடி' என்று மாற்ற மறக்காதீர்கள்.

பெயரும் உறவுமுறையும்

பெயரே பாலினத்தைச் சொல்லிவிடும் இடத்தில், தலைப்பெழுத்துகளை மட்டும் வைப்பதோ, தமிழ், எழில் போன்று இருபாலாருக்கும் வழங்கும் பெயரை வைப்பதோ உதவும். ஃபேஸ்புக்கில் அன்றாடம் வழங்கும் பெயரை வைக்க வேண்டும் என்பது விதி. பெயரை ஒருமுறை மாற்றினால் மீண்டும் மாற்ற 60 நாள் காத்திருக்க வேண்டும். முற்றிலும் பொய்யான பெயரையும் பிறந்த தேதியையும் கொடுப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. கணக்கு முடங்கினால் மீட்பதற்கு அடையாள அட்டை கேட்கும்போது, விவரங்கள் பொருந்தாமல் கணக்கே போய்விடும்.

கமெண்டில் வருபவர்கள் 'அக்கா', 'அம்மிணி', 'அண்ணா' என்று எழுதுவதை எந்த செட்டிங்கும் தடுக்காது. உறவுமுறை சொல்லாமல் பேசச் சொன்னால் நம் ஊரில் மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள். எனவே எல்லா இடத்திலும் இதை வலியுறுத்தாமல், மறைவாக வைத்திருக்க விரும்பும் ஒரு கணக்கில் மட்டும், 'சொல்லுங்க', 'அனுப்புங்க' என்ற அளவில் எழுதும்படி நெருங்கியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் சொந்தக்காரர்களைச் சேர்க்காமல் இருப்பது அதைவிட எளிது.

பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொண்ட திருநங்கையரும் திருநம்பியரும் இன்னும் சில இடங்களைப் பார்க்க வேண்டும். ஃபேஸ்புக் பக்கத்தின் முகவரியில் உள்ள யூசர்நேம், பெயரை மாற்றினாலும் தானாக மாறாது. அதைத் தனியே மாற்ற வேண்டும். பழைய முகப்புப் படங்களின் ஆல்பம், பழைய பிறந்தநாள் வாழ்த்துகள், 'முந்தைய பெயர்' என்று எப்போதோ நிரப்பிய வரி ஆகியவற்றை 'ஆக்டிவிட்டி லாக்' வழியாகத் தேடி மறைக்கலாம். மின்னஞ்சல் முகவரியிலேயே பழைய பெயர் இருந்தால் புதிய முகவரி ஒன்றைத் தொடங்கி, எல்லாக் கணக்குகளிலும் அதையே இணைத்துவிடுவது நல்லது. நண்பர் ஒருவர் இவ்விதம் மாறியதை அறிந்தவர்களுக்கும் ஒரு கடமை உண்டு: அவர் சொல்லாதவரை, பழைய படத்தையோ பழைய பெயரையோ பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் எடுத்துப் போடக் கூடாது.

எல்லாம் முடிந்தபின், உங்கள் கணக்கில் இல்லாத இன்னொரு கைபேசியை வாங்கி, உங்கள் எண்ணையும் பெயரையும் தேடிப் பாருங்கள். ஃபேஸ்புக்கில் உள்ள 'வியூ ஆஸ்' வசதியும் பிறர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று காட்டும். செயலிகளின் அமைப்புகள் புதுப்பிப்புகளின்போது இடம் மாறுவதால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒருமுறை இதைச் செய்வது போதுமானது.

தொல்லை வந்துவிட்டால்

முதலில் திரைப்பிடிப்பு எடுங்கள். அனுப்பியவரின் எண், நாள், நேரம் மூன்றும் அதில் தெரிய வேண்டும். அதன் பிறகே தடை செய்யுங்கள். கோபத்தில் உரையாடலை அழித்துவிட்டால் சான்று போய்விடும். உங்கள் படத்தை வைத்துப் போலிக் கணக்கு தொடங்கியிருந்தாலோ, படத்தைச் சிதைத்து வெளியிட்டிருந்தாலோ, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். புகார் வந்ததிலிருந்து 24 மணி நேரத்துக்கு மேல் தாமதிக்காமல் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வகுத்தன. ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணித்துப் பின்தொடர்வது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு எதிரான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு எல்லாப் பாலினத்தவருக்கும் பொருந்தும்.

பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். மற்றவற்றுக்கு தேசிய இணையக் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யலாம். பெண்கள் உதவிக்கு 181 உள்ளது. நேரில் செல்ல விரும்பினால், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குத் திரைப்பிடிப்புகளின் அச்சு நகலுடன், நம்பிக்கைக்குரிய ஒருவரை அழைத்துக்கொண்டு செல்லுங்கள். மனுவைக் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.