கவனக்குறைவும் துறுதுறுப்பும் மிகுந்த (ADHD) பிள்ளைக்கு மருந்து கொடுக்கலாமா?

முதலில் இரண்டு வாரம் குறிப்பெடுங்கள்: ஒரு கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் பிள்ளை எத்தனை முறை நாற்காலியை விட்டு எழுந்தான், வகுப்பாசிரியர் என்ன சொன்னார், இரவு எப்போது தூங்கினான். வீட்டிலும் பள்ளியிலும் அதே சிக்கல் தெரிந்தால், சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (polyclinic) பரிந்துரைக் கடிதம் பெற்று, கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடத்தில் நிபுணரைப் பாருங்கள். 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் பெறும் நடத்தைப் பயிற்சியே முதல் வழி.

துறுதுறுப்பைக் குறைத்துக் கவனத்தைக் கூட்ட உதவும் மெத்தில்பெனிடேட் மாத்திரையை மருத்துவர் பரிந்துரைத்தால், குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். பசி மந்தமாகி, பள்ளி உணவகத்தில் வாங்கிய நூடல்ஸ் பாதியில் நிற்கக்கூடும் என்பதால், காலையில் மாத்திரைக்கு முன்பே இட்லியை வயிறாரக் கொடுங்கள். எடை, உயரம், தூக்கத்தையும் தவறாமல் கவனியுங்கள். தொடங்கினால் நிறுத்தவே முடியாது என்று பாட்டி அஞ்சினால், பயனில்லாவிட்டால் மருத்துவரிடம் பேசி நிறுத்தலாம் என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.